ஆறாவது டம்ளர்

மழை பொய்த்துப்போன ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலிருந்து, பனையடிப்பேட்டையில், செட்டாக வாங்கிய சாமான் எதுவும் தனியாக வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. இட்லிச் சட்டியின் நான்கு தட்டுகளில் ஒன்று நாத்தனார் வீட்டில் இருந்தால், மற்ற மூன்றிலும் மாவு எத்தனை நேரம் ஆவியில் இருந்தாலும் மாவாகவே இருந்தது. பெரிய தூக்கை அண்ணனும் சின்னத் தூக்கைத் தம்பியும் பிரித்துக்கொண்டு போயிருந்தால், இரண்டிலும் போட்ட சோறு ருசி கெட்டு, சுண்ணாம்பைத் தின்றதுபோல் இருந்தது. ஆறு டம்ளரில் ஒன்று குறைந்தால், மீதி ஐந்தில் ஊற்றிய காபி ஊற்றிய நொடியிலேயே ஆறிப் பச்சைத் தண்ணீராக நின்றது.

இரண்டு நாள் ஊர் பாலைக் குறை சொன்னது, பிறகு அரிசியை, பிறகு கேஸ் சிலிண்டரை. மூன்றாம் நாள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்த அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் தற்செயலாக ஒரே நேரத்தில் தூக்கை நிரப்பினார்கள். இரண்டு வீட்டிலும் சோற்றுக்கு ருசி வந்துவிட்டது. அண்ணன் மனைவி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, உன் தூக்குல சோறு இருக்கா?" என்று ஆறு வருடம் கழித்துக் கேட்டாள். "இருக்கு, ஒனக்கென்ன?" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அப்படித்தான் ஊருக்கு விதி தெரிந்தது. செட்டில் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் சரி, எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் சரி. டம்ளரென்றால் எதையாவது ஊற்றியிருக்க வேண்டும், எதை ஊற்றினாலும் சரி. கடைசி டம்ளரிலும் ஊற்றிவிட்டால், போன சூடு எத்தனை நேரம் கழித்தானாலும் திரும்பி வந்துவிடும்.

ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரமில்லை. சமைக்க வேண்டியிருந்தது. தாய்வீட்டிலிருந்து சீராக வந்த பாத்திரங்களில் மூடியை மட்டும் தாய்வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த பெண்கள் தினமும் காலையில் போன் செய்து, "மூடியாச்சாம்மா?" என்று கேட்டார்கள். மஸ்கட்டில் வேலை பார்த்த ஒருவன், டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருந்ததால், அம்மாவின் மதியச் சாப்பாட்டுக்காக அங்கே வேலைக்கு நடுவில் அடுக்கைத் திறந்து ஒரு பிடி சோறு வைத்தான். சோபா செட்டில் ஒற்றை நாற்காலியை மகளுக்குக் கொடுத்துவிட்ட வங்கி மேலாளர் வீட்டில், மகள் அங்கே உட்கார்ந்தால்தான் இங்கே முதுகு சாய்க்க முடிந்தது. பெயின்ட் கடைக்காரரும் அவர் மனைவியும் ஓட்டலில் ஒரு செட் தோசை வாங்கி ஆளுக்கு ஒன்றாகப் பிட்டுக்கொண்டால், இருவரும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள், "கலியாணமாகி இருபது வருசத்துல இன்னைக்குத்தான் என் மொகத்தப் பாத்துத் திங்காரு" என்று சர்வரிடம் சொன்னாள். பாண்டு செட்டில் கோபித்துக்கொண்டு விலகிப்போன டிரம்காரர் வீட்டு வாசலில் மற்ற எட்டுப் பேரும் போய் நின்றார்கள். அவர்களுடைய குழல்கள் ஒரு வாரமாக வெறும் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தன.

எது செட், எது செட் இல்லை என்பதில் சச்சரவு வந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஆங்கில ஆசிரியர் அருளானந்தம் சார் கனமான அகராதியைக் கொண்டுவந்து, அந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருப்பதாகச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரே மாதிரிச் சாமான்களின் தொகுதி என்றார். சேர்ந்து திரிகிற ஆட்கள் என்றார். நாடகத்துக்குப் போடுகிற ஜோடனை என்றார். பந்து விளையாட்டில் ஒரு பகுதி என்றார். சூரியன் மேற்கே இறங்குவதற்கும் அதே சொல்தான் என்றார்.

"அப்ப சூரியனுக்கும் ஒரு சோடி வேணுமா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இறுகிப் போறதுக்கும் அதே சொல்லுதான்."

"அது சரிதான்" என்றார் கொத்தனார் சீனிவேல். "காங்கிரீட்டு செட் ஆவட்டும்னுதான நாங்களும் சொல்லுதோம்."

"எங்க மகளுக்கு வந்த மாப்பிள்ளையும் செட் ஆவல" என்றாள் ஒருத்தி. "அதுக்கு என்ன செய்ய?"

அகராதியில் பாதிகூட முடியவில்லை. வெயில் சாய்ந்தது. பிள்ளைகள் பசியில் அழுதன. கடைசியில், "எது உங்களைப் படுத்துதோ அது செட்டு, வீட்டுக்குப் போங்க" என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார். அதைவிடத் தெளிவான விளக்கம் அதன்பிறகும் யாரும் தரவில்லை.

ஊர் தன் அலுப்பை இறக்கிவைக்க ஓர் ஆளைத் தேடியது. ஆள் பக்கத்திலேயே இருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே தங்கப்பழம் அண்ணாச்சியின் பாத்திரக் கடையில் முப்பது வருடமாக நின்று வியாபாரம் செய்கிற பேச்சித்தாய், வந்தவர்களிடமெல்லாம், "இது செட்டு, பிரிச்சுத் தரமாட்டோம்" என்று சொன்னவள். "நீ சொன்ன வாய்தான் பலிச்சிருக்கு" என்று பெண்கள் கடை வாசலில் வந்து நின்று அவளை ஏசினார்கள். "அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ, சொன்னேன்" என்பாள் பேச்சித்தாய். ஐம்பத்தோரு வயது அவளுக்கு. முழங்காலில் வலி இருந்தது. ஏசுகிறவர்களுக்கும் ஸ்டூலை இழுத்துப் போடுவாள்.

அவள் வீட்டிலும் ஒரு செட் உடைந்திருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவளுடைய தங்கை சுடலைவடிவு, வேறு சாதிக்காரரான ஒரு மில் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போனாள். போகிற அன்று அவளுக்கு ஒரு துரும்புகூட யாரும் தரக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். வடிவு காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்பது பேச்சித்தாய்க்குத் தெரியும். காபியை ஆறு டம்ளரில் ஒன்றில் ஊற்றி, முந்தானையில் மறைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு ஓடி, ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வடிவு ஒரு வாய் குடிப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பேருந்து டம்ளரோடு கிளம்பியது. பேச்சித்தாய் கூடவே ஓடிக்கொண்டு, டம்ளரைக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல், "சுடுது, ஊதிக் குடிட்டி" என்று மட்டும் கத்தினாள். அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு.

வீட்டில் அப்பா அலமாரியில் ஐந்தைப் பார்த்துவிட்டு, "செட்டைக் கெடுத்துட்டா" என்றார். டம்ளரைச் சொன்னாரா மகளைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. ஓடிப்போனவளின் அக்காள் என்று அவளுக்கு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயின. அம்மா செத்தபோது, "திருப்பூருக்கு ஆள் விடக் கூடாது" என்றார் அப்பா. பேச்சித்தாய் விடவில்லை. அந்த ஒன்றுதான் அவளால் விழுங்க முடியாததாகத் தொண்டையில் நின்றது. பிறகு அப்பாவும் போனார். சொல்லி விடுவதற்கு அப்போது முகமில்லை. முகவரியும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஐந்து டம்ளரிலும் ஊற்றிப் பார்த்தாள். சுடவில்லை. கடையிலிருந்து ஓர் ஒற்றைக் கண்ணாடிக் கிளாஸ் எடுத்துவந்து அதில் குடித்துக்கொண்டிருந்தாள். தினமும் நாலு மணிக்கு அரை மணி நேரம் வீட்டுக்குப் போய் முழங்காலை நீட்டிவிட்டு வர அண்ணாச்சி அனுமதித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, ஐந்து டம்ளரையும் வரிசையாக அடுப்பு மேடையில் வைத்துக் காபி ஊற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். நாலேகால் மணிக்கு ஐந்து டம்ளரிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆவி கிளம்பியது.

தைலக் கையோடு எழுந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு பொத்துவிட்டது.

ஆக, டம்ளர் இருக்கிறது. அதில் ஊற்றுகிற கையும் இருக்கிறது. இருபத்தேழு வருடத்தில் தங்கையைப் பற்றி வந்த முதல் செய்தி அது. மறுநாளும் நாலேகாலுக்கு ஆவி வந்தது. அதற்கு மறுநாள் நாலு இருபது ஆயிற்று. திங்கட்கிழமை வரவே இல்லை. செவ்வாய் வந்தது. காய்ச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாளும் தவறவில்லை. அங்கேயும் ஒருத்தி, எந்த நேரத்துக்கு ஊற்றினால் தன் காபி சுடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அதில் தெரிந்தது. எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருத்தி குடிப்பதற்காக ஐந்து டம்ளரில் ஊற்றி, ஒன்றைக் குடித்துவிட்டு, மற்ற நான்கையும் பாத்திரத்தில் திருப்பி ஊற்றி, மறுநாள் காலையில் அதைச் சுட வைத்துக் கிளாசில் குடித்தாள் பேச்சித்தாய். கடையில் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஊர் வேறு மாதிரி களைத்திருந்தது. போனில், "ஊத்தியாச்சா, மூடியாச்சா, உக்காந்தாச்சா" என்று கேட்டுக் கேட்டு ஊரின் தொண்டை வறண்டுவிட்டது. முதல் மாதத்தில் பேச ஆரம்பித்த அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் மூன்றாம் மாதத்தில் முன்னைவிட மோசமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மஸ்கட்காரனுடைய மேலதிகாரி அவனை எச்சரித்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு மணல் லாரி, வாசலில் காயவைத்திருந்த ஒரு தட்டின் மேல் ஏறி அதை அப்பளமாக்கிவிட்டுப் போனது. அந்தத் தட்டின் கூட்டாளிகளான மற்ற ஐந்து தட்டுகளும் அன்று மதியத்திலிருந்து தனித்தனியாக, ஒழுங்காக வேலை செய்தன. செட்டில் ஒன்று அழிந்தால் மற்றவை விடுதலை.

தங்கப்பழம் அண்ணாச்சி மறுநாளே பந்தல் போட்டுவிட்டார். செட்டுக்கு ஒரு சாமான் கொண்டுவந்து எடைக்குப் போட்டால், அது உருக்குவதற்குப் போகும், அதற்குப் பதிலாகக் கடையில் ஒற்றையாக ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பத்து நாள் எக்ஸ்சேஞ்ச் மேளா. மைக் செட்டில் காலையிலிருந்து அதையே சொன்னார்கள். ஊரே சாக்குப் பையோடு வரிசையில் நின்றது. சீர் மூடிகளும், அடுக்குகளும், பேர் வெட்டிய தட்டுகளும் மலையாகக் குவிந்தன. யாரும் அழவில்லை. சிலர் எடைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை துடைத்துவிட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். தினமும் மூன்று மணிக்கு ஒரு லாரி உருக்குப் பட்டறைக்குக் கிளம்பியது, நாளுக்கு நாள் ஊரில் போன் மணி குறைந்தது. மஸ்கட்காரன் மதியம் தன் சாப்பாட்டைத் தான் சாப்பிட்டான். அவன் அம்மா தன்னுடையதைச் சாப்பிட்டாள். பகல் நேரம் பழையபடி நீளமாயிற்று.

எடைத் தராசில் நின்றவள் பேச்சித்தாய். காலை எட்டு மணியிலிருந்து கடை மூடும் வரை.

"அண்ணாச்சி, நாலு மணிக்கு ஒரு அரை மணி நேரம்…"

"கூட்டத்தப் பாத்தியா, பேச்சி? பத்து நாள் பல்லக் கடிச்சுக்கோ."

"பத்து நிமிசம் போதும் அண்ணாச்சி."

"ஒத்தக் கட்டைக்கு வீட்டுல என்ன அவசரம்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒங்கப்பா சொல்லிருக்காவ, ஒன் வீட்டுலயும் அஞ்சு கெடக்குல்லா? கொண்டுட்டு வந்து போடு. ஒனக்குச் சும்மாவே அஞ்சு தாரேன். நீயும் நிம்மதியா இரி."

"பாப்போம் அண்ணாச்சி."

நாலேகால் ஆகும்போதெல்லாம் அவள் கை தராசில் ஒரு நொடி நிற்கும். அங்கே வடிவு ஊற்றி வைத்திருப்பாள், அது ஆறிக் கிடக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். முதல் நாள் அப்படி, இரண்டாம் நாள் அப்படி, பத்து நாளும் அப்படி. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து ஊற்றச் சொல்லலாம் என்று நினைத்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடம் சொல்லாததைச் சாவியோடு சேர்த்துச் சொல்லத் தெம்பில்லை.

மேளா சனிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. காலை ஏழு மணிக்கு எழுந்த பேச்சித்தாய், கால் வீங்கியிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, கண்ணாடிக் கிளாஸைத் தேடப் பொறுமையில்லாமல், கை போன போக்கில் ஐந்து டம்ளரிலும் காபியை ஊற்றினாள். ஊற்றும்போதே விரல் சுட்டது.

ஏழு மணிக்குச் சுடாதே என்று நினைத்தாள். எட்டு மணிக்கு ஐந்திலும் ஊற்றினாள். சுட்டது. பத்து மணிக்கு ஊற்றினாள். சுட்டது. பன்னிரண்டுக்கும் சுட்டது.

பத்து நாள் தராசில் நின்று அதே நியாயத்தை நூறு பேருக்கு எடுத்துச் சொன்னவள் அவள். எந்நேரமும் சுடுகிறதென்றால் செட் விடுதலையாகிவிட்டது. விடுதலையாகிவிட்டதென்றால் ஆறாவது டம்ளர் இல்லை. பத்து நாள் ஆறின காபியைக் குடித்த வடிவு பதினோராம் நாள் டம்ளரை எடைக்குப் போட்டால் அவளைக் குறை சொல்ல முடியாது. அல்லது அவள் போடவில்லை, அவள் போனபிறகு அவள் வீட்டார் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்று ஒரு டம்ளர் சொல்லாது. பேச்சித்தாய் சுடுகிற காபி ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபடியே குடித்தாள். அவள் அழுவதற்கென்று உட்கார்ந்தபோது கண்ணில் ஒன்றும் வரவில்லை. வயிறுதான் கனத்தது.

மூன்று மணிக்கு உருக்குப் பட்டறைக்குக் கடைசிச் சாமான் லாரி கிளம்பும் என்பது அவளுக்குத் தெரியும். டம்ளர் ஐந்தையும் கழுவித் துடைத்து, ஒரு பழைய துண்டில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். இனி அது செட் இல்லை, வெறும் ஐந்து டம்ளர். வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு? பேருந்து நிலையத்தைக் கடந்துதான் கடைக்குப் போக வேண்டும். லாரியில் ஏற்றுகிறவர்கள் கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைத் தூக்கி, "இருங்க, இதையும்" என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த பேருந்தின் படியில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"யம்மா, எறங்குதீங்களா இல்லையா? வண்டிய எடுக்கணும்லா!"

"மெதுவாத்தான் எறங்க முடியும். சிந்திரும்."

"அப்படி என்னத்தத்தான் கொண்டாரீங்க, அமிர்தமா?"

நரைத்த தலையோடு ஒருத்தி பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள். தோளில் ஒரு பை. இரண்டு கையிலும் சேர்த்து, மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடிய, எவர்சில்வர் டம்ளர். சேலையின் முன்பக்கமெல்லாம் காபிக் கறை.

அவள் பேச்சித்தாயைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, வீங்கிய காலைப் பார்த்தாள்.

"யக்கா, இத வாங்கு மொதல்ல" என்றாள். "காலைல அஞ்சு மணிலருந்து புடிச்சுக்கிட்டு வாரேன். கை மரத்துப் போச்சு."

பேச்சித்தாய் வாங்கினாள். டம்ளர் விளிம்பு வரை இருந்தது.

"நீ இத உருக்கப் போட்டுட்டன்னு நெனச்சேன்."

"எதுக்குப் போடுதேன்?"

"காலைலருந்து எந்நேரம் ஊத்துனாலும் சுடுதே."

"ஒத்த டம்ளர்ல மட்டும் ஊத்திப் பாத்தியா?"

பேச்சித்தாய் யோசித்தாள். எட்டு மாதமாக ஐந்திலும் ஊற்றிப் பழகிய கை. ஒன்றில் மட்டும் ஊற்ற அதற்குத் தோன்றவே இல்லை. "பாக்கல" என்றாள்.

"முப்பது வருசமா செட்டு விக்கிறவ!" என்றாள் வடிவு. பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை நீட்டி மடக்கினாள். "பத்து நாளா என் காபி சுடல. ஒண்ணு அழிஞ்சா மத்தது விடுதலைன்னு திருப்பூர் வரைக்கும் பேச்சு வந்துச்சு, நீ உருக்கப் போட்டிருந்தா எனக்கு எந்நேரமும் சுட்டிருக்கணும். அப்ப டம்ளரு இருக்கு, ஊத்தத்தான் ஆளில்லன்னு அர்த்தம். ஆத்தா செத்ததுக்குத்தான் எனக்குச் சொல்லி விடல. நீ செத்தா சொல்ல யாரு இருக்கா? அதான் நானே வந்து பாத்துட்டுப் போவோம்னு கெளம்பிட்டேன்."

பேச்சித்தாய் டம்ளரைச் சிந்தாமல் பெஞ்சில் வைத்தாள்.

"வழியெல்லாம் எதுக்கு ரொப்பிக்கிட்டு வந்த?"

"ஒருவேள நீ படுத்துக் கெடந்து, என்னைக்காவது எந்திரிச்சு ஊத்துனா, எந்நேரம் ஊத்துவேன்னு யாரு கண்டா? எப்ப ஊத்துனாலும் சுடட்டும்னு." வடிவு சேலைக் கறையைத் தேய்த்துப் பார்த்தாள். "மதுரைல ஒருத்தன் இடிச்சுட்டான். பாதி கொட்டிருச்சு. அங்கயே வாங்கி ரொப்புனேன். ஏழு மணிக்கே ஒருக்கா விரல விட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. சரி, உசுரோடத்தான் இருக்கான்னு தெரிஞ்சு போச்சு. அப்படியே எறங்கித் திரும்பிருவோம்னுதான் பாத்தேன்."

"அப்புறம்?"

"டிக்கெட் எடுத்துட்டேன்."

லாரிக்காரர், "யக்கா, மூட்டை உண்டுமா இல்லையா?" என்று கத்தினார். பேச்சித்தாய் இல்லையென்று தலையசைத்தாள். லாரி ஊரின் மூடிகளையும் அடுக்குகளையும் கலகலவென்று குலுக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

துண்டை அவிழ்த்து ஐந்தையும் பெஞ்சில் வைத்தாள். ஆறாவதிலிருந்ததைத் தரையில் ஊற்றிவிட்டு, டீக்கடைத் தொட்டியில் அலசி, அதையும் வரிசையில் வைத்தாள். ஐந்தைவிட அது கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தது.

"ஆறு காபி போடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"ரெண்டு பேருக்கு ஆறா?"

"ஆறும் ஊத்தணும்."

அவர் அலுத்துக்கொண்டே ஆறிலும் ஊற்றினார். நான்கை யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, கண்டக்டருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று கொடுத்தாள். கடைக்காரரையே ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்று மீதமாக நின்றது. அதை எடுக்க அந்த நேரத்தில் யாரும் வரவில்லை. அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறிலிருந்தும் ஆவி வந்தது. வடிவு களைப்பில் டம்ளரை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"சுடுது" என்றாள் பேச்சித்தாய். "ஊதிக் குடிட்டி."